நூற்றுத் தொண்ணூறு பிரதிகள்

எங்கள் தொழிற்சாலையில் அந்தப் புத்தகம் கைக்கு வராதவர்களில் நானும் ஒருவன். வரவில்லையே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அட்டை அக்காவைப் பற்றிப் பேச வரும் யாரும் தன்னைப் பெரிய யோக்கியனாகக் காட்டிக்கொள்ள முடியாது.

நாங்கள் மின்விசிறி மோட்டார் செய்தோம். மொத்தம் முந்நூற்று நாற்பத்தாறு பேர். நான் லேத் பட்டறையில். எங்கள் பட்டறைக்கும் காயில் கட்டும் பிரிவுக்கும் நடுவில் ஸ்டோர். ஸ்டோர் என்றால் ஒரு நீள அறை, கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அக்கா. எங்கள் ஒவ்வொருவரிடமும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் இருக்கும். வில்லையைக் கொடுத்தால் மைக்ரோமீட்டரோ ஸ்பேனரோ கிடைக்கும். கருவியைத் திருப்பிக் கொடுத்தால் வில்லை திரும்பி வரும். பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலில் அவர்தான்.

ஸ்டோரின் கோடியில் பச்சைப் பெயிண்ட் உரிந்த இரும்பு பீரோ ஒன்று இருந்தது. அதற்குள் நூற்றைம்பது புத்தகங்கள். எல்லாம் அக்கா தானே தேடிச் சேர்த்தவை. அவற்றுக்கும் வில்லைதான். திங்கட்கிழமை காலையில் உதிரிபாகப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி ஜன்னல் வலையில் செருகி வைப்பார். அதனால் அட்டை அக்கா.

கதைப் புத்தகம் மருந்துக்கும் கிடையாது. "கதை அளக்க எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் போதும். நடந்ததைச் சொல்றவன்தான் எனக்கு வேணும்" என்பார். தொண்டையில் கட்டி வந்து ஓராண்டு ஊமையாக இருந்த ராக் பாடகரின் வாழ்க்கை. மலையில் கால்விரல்களை விட்டுவிட்டு இறங்கி வந்தவளின் நாட்குறிப்பு. தேனீ, தூக்கம், ஞாபகமறதி பற்றி டாக்டர்கள் எழுதியவை. அப்புறம் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் வகையில் ஒரு தட்டு முழுக்க. அந்தத் தட்டைப் பார்த்து நாங்கள் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். "உனக்குத் தேவைப்படாத வரைக்கும் சிரிப்பாத்தான் இருக்கும்டா லேத்து" என்பார். என் பெயர் அவருக்கு லேத்துதான்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் அவர் கண் தப்பாது. தூக்கம் கெட்டவனுக்குத் தூக்கப் புத்தகத்தைக் கொடுக்கமாட்டார், மலையேறியவளைக் கொடுப்பார். "பதிமூணாம் நம்பர் நட்டுக்குப் பதினாலு ஸ்பேனர் போட்டா என்ன ஆகும்? சுத்தும், சுத்தும், கடைசியில மூலை மழுங்கிடும். மனுஷனும் அப்படித்தான்." பெண்டாட்டி என்னை விட்டுப் போன வருஷம் எனக்கு அவர் நீட்டியது ஓர் இசைக்குழுவின் கதை. நாலு பேர் இருபது வருஷம் ஒரே வேனில் ஊர் ஊராகப் போய் ஒருவரையொருவர் வெறுத்ததை அதில் ஒருவன் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தான். எனக்கு ஏன் அதைக் கொடுத்தார் என்று புரிய மூன்று மாதம் ஆயிற்று. புரிந்த அன்று ஜன்னலருகே போய் நின்றேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வில்லையை எடுத்து நீட்டினார்.

அக்காவின் தம்பி காயில் பிரிவில் இருந்தான். அக்கா சொல்லித்தான் வேலைக்கு வந்தவன். கையில் எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பான். அதனால் அவனுக்குத் தாளம் என்று பெயர். ராக் டிரம்மர் ஒருவரின் சுயசரிதையை அவன் பதினோரு தடவை வாங்கிப் போனது ஸ்டோர் பதிவேட்டில் இருக்கிறது.

எல்லாம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், எங்கள் வேலை விவகாரங்களைக் கவனிக்கும் புது பர்சனல் மேனேஜர் வந்து சேர்ந்தார்.

நாற்பது வயது இருக்கும். குரல் உயராது. ரப்பர் அடி வைத்த காலணி போட்டிருந்ததால் பக்கத்தில் வந்து நிற்கும் வரை வந்தது தெரியாது. வந்த இரண்டாம் வாரமே மதிய இடைவேளையில் எங்களோடு வரிசையில் நின்றார். நாங்கள் விலகி வழிவிட்டோம். "இருக்கட்டும், என் முறை வரட்டும்" என்றார். ஜன்னலுக்கு வந்ததும், "எனக்கு வில்லை இல்லையே அக்கா. புத்தகம் கிடைக்குமா?" என்றார்.

அதிகாரிகளில் யாரும் பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பீரோவைத் திறந்து காட்டச் சொன்னதில்லை. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னுடைய வில்லை ஒன்றையே அவர் கணக்குக்கு மாட்டிவிட்டு, "என்ன மாதிரி வேணும் சார்?" என்று கேட்டார்.

"கஷ்டமான முடிவு எடுத்தவங்க எழுதினது."

அன்று அவர் வாங்கிப் போனது ஒரு ராக் குழுவைப் பயணம் அழைத்துச் சென்ற மேலாளரின் நினைவுக் குறிப்புகள். அடுத்து, மூழ்கிய கப்பலின் கேப்டன் எழுதியது. அடுத்து, போர்முனையில் கை கால்களை எடுத்த அறுவை மருத்துவர் எழுதியது. வாரம் ஒன்று. சொன்ன தேதியில் திருப்பித் தருவார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டிருப்பார்.

புத்தகத்தில் யார் கோடு போட்டாலும் அக்கா ரப்பரால் அழித்துவிட்டுத்தான் பீரோவில் வைப்பார். அழிக்கும்போது படிக்காமல் இருக்க முடியுமா? கிதார்காரனைக் குழுவிலிருந்து நீக்கிய இடத்தில் கோடு: 'அவனிடம் சொல்வதற்கு முன்பே அவன் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டேன். அது இருவருக்கும் சுலபம்.' கப்பல் புத்தகத்தில்: 'நாற்பது நிமிடம் பயணிகளிடம் எதையும் சொல்லவில்லை. சாப்பாட்டை வழக்கம்போல் பரிமாறச் சொன்னேன்.' மருத்துவர் புத்தகத்தில் ஒரே ஒரு வரி: 'எங்கே வெட்டுவது என்று நோயாளியைக் கேட்கக் கூடாது.'

அந்த வரியை அழிக்கும்போது கை கொஞ்சம் நின்றது என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். ஆனால் படிக்கிற மனுஷன் எதற்கும் கோடு போடுவான். கோட்டை வைத்து ஆளை எடை போட்டால் பாதி ஊரைச் சிறையில்தான் போட வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குவதோடு சரி. மேனேஜர் வரிசையில் நின்ற கதையை அக்கா பெருமையாகச் சொன்னபோது அவர் சொன்னது இதுதான்: "பெரிய மனுஷன் வரிசையில வந்து நின்னா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. வரிசைக்குத்தான் ஆபத்து."

"உங்களுக்கு யாரையும் பிடிக்காது" என்று அக்கா எழுந்து போய்விட்டார்.

ஒரு நாள் மேனேஜர் அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு கோப்பு. திறந்து காட்டினார். அவ்வளவும் அக்கா எழுதிய அட்டைகள். ஜன்னலிலிருந்து எடுத்து, தேதி போட்டு, துளையிட்டு வரிசையாகக் கோத்திருந்தார்.

"தூக்கிப் போடுவீங்கன்னு நினைச்சேன். எனக்கு மனசு வரல" என்றார். "அக்கா, கம்பெனி நம்ம ஆளுங்களுக்கு ஒரு புத்தகம் பரிசாக் கொடுக்கலாம்னு நினைக்குது. நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்."

அக்கா ஒரு வாரம் வீட்டில் உலை கொதிப்பதுகூடத் தெரியாமல் யோசித்தார். முதலில் ஊமையாக இருந்த பாடகரின் புத்தகத்தைச் சொன்னார். மேனேஜர் தலையாட்டினார், "அருமை. ஆனா கொஞ்சம் கனமா இருக்கு." அடுத்து மலையேறியவள். "விரல் போறது நல்லாயில்லையே அக்கா." அப்படியே பேச்சோடு பேச்சாக அவரைத் தள்ளிக்கொண்டு போய் முன்னேற்றத் தட்டில் கொண்டு நிறுத்தினார். அங்கே ஒரு புத்தகம் அக்காவுக்கு நிஜமாகவே பிடித்தது. அவருடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷத்தில், விடிந்ததும் ஒரு சின்ன வேலையை முழுசாகச் செய்து முடி, மற்றதைப் பிறகு பார் என்று சொல்லி அவரைத் தூக்கி நிறுத்திய புத்தகம். அதில் வேறு அத்தியாயங்களும் இருந்தன. ஒத்துவராததைத் தாண்டிப் படிப்பது அக்காவின் வழக்கம், அவற்றைத் தாண்டியிருந்தார்.

"இதுதான்" என்றார் மேனேஜர், அது தனக்கு முன்பே தெரிந்ததைப்போல. "முதல் பக்கத்துல உங்க கையெழுத்துல ரெண்டு வரி வேணும். உங்களை நம்புறாங்க."

அக்கா எழுதிக் கொடுத்தார். 'நான் சொன்னால் நம்பிப் படிப்பீர்கள். இதையும் படியுங்கள். அட்டை அக்கா.' அதை அப்படியே படமெடுத்து அச்சடித்தார்கள்.

மூன்று வாரத்தில் பெட்டிகள் வந்தன. வழுவழு அட்டை, மேலே கண்ணாடித் தாள் உறை. அக்கா எண்ணிப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. கூடவே நூற்றுத் தொண்ணூறு பெயர்கள் கொண்ட பட்டியல். பெயருக்கு எதிரே கையெழுத்து வாங்க வேண்டும்.

"மீதிப் பேருக்கு?" என்று கேட்டார்.

"இது முதல் கட்டம்" என்றார் மேனேஜர்.

புதன்கிழமை கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்று மதியத்துக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. யார் கிளப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. பட்டியலில் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அடுத்த மாதம் பயிற்சி, அதற்குப் பின் சூப்பர்வைசர் பதவி. சொல்ல வேண்டுமா? கையில் புத்தகம் வைத்திருந்தவன் நடையே மாறிவிட்டது. கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பெயிண்ட் பிரிவில் முழுப்பேருக்கும் கிடைத்தது. எங்கள் லேத் பட்டறையில் ஒருவனுக்கும் இல்லை. எங்களுக்கு வயிறு எரிந்தது.

நான் ஜன்னலுக்குப் போனேன். "அக்கா, ஒண்ணு கூடுதலா இருந்தா எனக்குக் கொடுங்க. நான் பத்தொன்பது வருஷமும் உங்ககிட்ட வாங்கிப் படிச்சவன். அந்தப் பெயிண்ட் பசங்க புத்தகத்தை மோந்துகூடப் பார்த்ததில்ல."

"இல்லடா லேத்து. எண்ணி அனுப்பியிருக்காங்க."

"உங்களுக்கே இல்லையா?"

"எனக்கும் இல்ல."

அவர் முகத்திலும் அப்போது லேசாக ஒரு வருத்தம் இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்படிப்பட்ட ஆட்கள் நாங்கள்.

சனிக்கிழமை மதியம் எல்லாரும் போன பிறகு, கையெழுத்து ஆன பட்டியலை வைத்துக்கொண்டு அக்கா தன் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். அது அவர் பழக்கம். எந்த எண்ணுக்கும் எதிரே ஒரு குறி போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பட்டியல் அகர வரிசையில் இல்லை. பிரிவு வரிசையிலும் இல்லை. என்ன வரிசை என்று புரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஆள் நிற்கும் மெஷின் எண்ணை எழுதினார். அப்போது பிடிபட்டது. பட்டியல் ஆட்களின் வரிசையில் இல்லை, மெஷின்களின் வரிசையில் இருந்தது.

அந்த மெஷின் எண்களை அவர் சமீபத்தில் எங்கோ ஒன்றாகப் பார்த்திருந்தார். ஆணியில் மாட்டிய கம்பியில் குத்தி வைத்திருந்த தாள்களைப் புரட்டினார். காயில் சுற்றும் மெஷினுக்கு பெல்ட், பெயிண்ட் பிரிவுக்குச் சாயம் பீய்ச்சும் முனைக்குழாய், காயில் உலர்த்தும் அடுப்புக்குக் கம்பிச்சுருள் என்று இரண்டு மாதமாக அவர் கேட்டு அனுப்பிய உதிரிபாகச் சீட்டுகள். எல்லாம் கையெழுத்தாகாமல் திரும்பி வந்தவை. 'தற்போது தேவையில்லை.' எங்கள் லேத்துக்குக் கேட்டது மட்டும் உடனுக்குடன் வந்திருந்தது.

உதிரிபாகம் வேண்டாத மெஷின், இனி ஓட வேண்டாத மெஷின். ஸ்டோரில் இருப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்கா பட்டியலைத் திரும்ப எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு பெயராக விரல்வைத்து எண்ணினார். பட்டியலில் எழுபத்து மூன்றாவது பெயர் தாளம்.

திங்கட்கிழமை காலை நேராக மேனேஜர் அறைக்குப் போனார். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், இந்த லிஸ்ட்டை எதை வச்சுப் போட்டீங்க?"

"நீங்க இவ்வளவு படிச்சவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை." குரல் மாறவே இல்லை. "அக்கா, அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கணும். உங்க பேர் அதுல இல்ல. அதுக்காகச் சொல்லல. இப்ப சொன்னா பயம் பரவும். பயந்தவன் மெஷின்ல கையை விடுவான். அந்தக் கேப்டன் நாற்பது நிமிஷம் ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நெரிசல்லயே பாதிப்பேர் போயிருப்பாங்க. நீங்க கொடுத்த புத்தகம்தானே?"

அக்கா, "கடைசி அத்தியாயம் படிச்சீங்களா சார்?" என்றார்.

"அதுக்கு நேரம் கிடைக்கல."

"அந்த நாற்பது நிமிஷத்தை நினைச்சு முப்பது வருஷம் தூங்கலைன்னு எழுதியிருக்கார். சொல்லியிருந்தா கம்பளியாவது எடுத்துப் போட்டுக்கிட்டு வந்திருப்பாங்களாம். குளிர்லதான் நிறையப் பேர் செத்தாங்க."

மேனேஜர் சிரித்தார். "அவர் கேப்டன் அக்கா. நான் வேலைக்காரன்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அக்கா தம்பி வீட்டுக்குப் போனார். அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். சுவரோரத்து அலமாரியில் அந்தப் புத்தகத்தைக் கண்ணாடித் தாளோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். தாளத்துக்கு வேறொரு இடத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலிருந்து மேஸ்திரியாக வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் வந்துவிட்டதால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தான்.

அக்கா உட்காரக்கூட இல்லை. தான் கண்டதை எல்லாம் சொன்னார்.

தாளம் முக்காலியைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "மேனேஜர் அவர் வாயால சொன்னாரா, எங்களை வேலையை விட்டு எடுக்கப்போறோம்னு?"

"இல்லேன்னு சொல்லலடா."

"அதானே. நீயா முடிச்சுப் போட்டுக்கிட்ட." அவன் எழுந்தான். "இவ்வளவு நாளும் எல்லாருக்கும் நீ கொடுப்ப, நாங்க கையேந்துவோம். முதல் தடவையா எனக்கு ஒண்ணு வந்திருக்கு, உனக்கு வரல. அதுதானேக்கா?"

"அய்யோ, என்னங்க பேசறீங்க" என்றாள் அவன் பெண்டாட்டி. "அண்ணி, நீங்க உட்காருங்க."

"முதல் பக்கத்துல உன் எழுத்துதானே இருக்கு?" என்றான் தாளம். "நான் சொன்னா நம்புவீங்கன்னு எழுதியிருக்க. நான் நம்பிட்டேன். இப்ப வந்து நம்பாதேன்னா எதை நம்பறது?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். 

செவ்வாய்க்கிழமை காலை நான் ட்ரில் பிட் வாங்கப் போனபோது ஜன்னல் வலையில் புது அட்டை இருந்தது. அக்கா வழக்கமாகத் திங்கட்கிழமைதான் வைப்பார். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. 'புத்தகம் வாங்கியவர்களின் பட்டியலும் வேலையிலிருந்து எடுக்கப்படுவோர் பட்டியலும் ஒன்று என்று நினைக்கிறேன். அந்த மெஷின்களுக்கு இரண்டு மாதமாக உதிரிபாகம் நிறுத்தப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை என்று கேள்வி. நான் தேர்ந்தெடுத்த புத்தகம், என் தவறு. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். நெஞ்சில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி. என் பெயர் இல்லை. அந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஜன்னலை எண்பது பேர் சூழ்ந்துவிட்டார்கள். சிலர் அட்டையை வாய்விட்டுப் படித்தார்கள். பலர் கத்தினார்கள். "பொறாமை" என்று ஒரு குரல். "தன் பேர் இல்லைன்னதும் வயித்தெரிச்சலைப் பாரு" என்று இன்னொன்று. பெயிண்ட் பிரிவு ஆள் ஒருவர் மட்டும், "என் மெஷினுக்கு முனைக்குழாய் கேட்டு ஆறு வாரம் ஆச்சு. நானும் நினைச்சேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கூட்டம் திடீரென்று விலகியது. மேனேஜர் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் அட்டையை வலையிலிருந்து கிழியாமல் உருவினார். படித்தார். "இதையும் வச்சுக்கறேன் அக்கா" என்று மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.  திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

முப்பது பேர் போல அக்காவை நம்பினார்கள். அவர்கள் புதன்கிழமை தொழிற்சங்கத் தலைவரை இழுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். எதிர்காலத்தில் எந்த வழக்கும் போடமாட்டேன் என்று எழுதி வாங்கும் ஒரு வரி வெள்ளிக்கிழமை கொடுத்த வேலைநீக்கக் கடிதத்திலிருந்து நீக்கப்பட்டதற்கு அதுதான் காரணம். அந்த ஒரு வரி பின்னால் பலருக்கு உதவியது. தாளம் புதன்கிழமை மதியம் அந்தப் பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வியாழக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தவர், முனைக்குழாய் கேட்டு ஆறு வாரம் காத்திருந்த அதே ஆள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு பட்டியலில் மிச்சமிருந்த நூற்றெண்பத்துச் சொச்சம் பேரைக் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். அவர்கள் உள்ளே இருந்தபோதே லாக்கர்களைத் திறந்து, ஒவ்வொருவர் பொருளையும் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் அடுக்கிவிட்டார்கள். பேருந்துகள் எஞ்சினை நிறுத்தாமல் நின்றன. மேனேஜர் பேசியது மொத்தம் ஏழு நிமிஷம். எல்லாரும் கருவிகளைத் திருப்பிக் கொடுத்து ஸ்டோரில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கடிதம் கிடைக்கும் என்றார்.

அதாவது ஒவ்வொருவரும் அக்கா முகத்தில் விழித்தாக வேண்டும்.

நான் லேத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை பட்டறை வாசலைத் தாண்டிப் போனது. அக்கா கருவியை வாங்கினார், சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஒருவரிடமும் 'மன்னிச்சிடுங்க' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று முழுக்க அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். சிலர் புத்தகத்தையும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவன் வீசினான், வலையில் பட்டுக் கீழே விழுந்தது. அடுப்புப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவர் மட்டும் கண்ணாடித் தாளைப் பிரித்துப் படித்திருந்தார். ஒரு பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னலில் காட்டினார்.

"உனக்கு நேர்ந்ததெல்லாம் நீயே அழைத்தது அப்படின்னு போட்டிருக்கும்மா. நான் எப்பம்மா அழைச்சேன்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா தாண்டிப் படித்த அத்தியாயம் அது. "எனக்குத் தெரியலங்கண்ணே" என்றார். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம்.

தாளம் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். கம்பி அளவுகோலையும் இரண்டு குறடுகளையும் வைத்தான். அக்கா கையெழுத்துப் போடும் வரை ஜன்னல் விளிம்பில் அவன் விரல்கள் அசையாமல் கிடந்தன. சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு பதினான்கு மாதம் அவன் அக்காவோடு பேசவில்லை. குழந்தை பிறந்தது அவருக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் எங்கள் முறையும் வந்து, மிச்சமிருந்தவர்களையும் அனுப்பிவிட்டுத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எங்களுக்குப் புத்தகம்கூடக் கொடுக்கவில்லை. மேனேஜர் அதற்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். தாளம் ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்; அக்காவின் வீட்டுக்காரர்தான் உள்ளே அழைத்தாராம்.  அவன் இப்போது ஒரு பட்டறையில் காயில் கட்டுகிறான். மேஸ்திரி இல்லை.

அக்காவுக்கு ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்தது. பீரோ வீட்டுக்கு வந்துவிட்டது. நான் போகும்போது அது பூட்டியே இருக்கும். ஒரு தடவை, "படிக்க ஏதாவது கொடுங்கக்கா" என்று கேட்டேன். "நீயே திறந்து எடுத்துக்கோ. எது நல்லதுன்னு என்னைக் கேட்காதே" என்று சாவியை நீட்டினார். எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் உடனே போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? என் குரல் ஞாபகம் இருக்கா?" உயராத, அதே குரல். "இப்ப நான் இருக்கற இடத்துல அறுநூறு பேர். தையல் யூனிட். உங்களை மாதிரித் தேர்ந்தெடுக்கறவங்க இங்க யாருமில்ல. ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்."

அக்கா கேட்டார்: "அறுநூறு பேருக்குமா சார்? இல்ல, லிஸ்ட் இருக்கா?"

 "உங்ககிட்ட இதான் பிடிக்கும்" என்றார் மேனேஜர்.

அக்கா போனை வைத்துவிட்டார். எந்த இடம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். "நீ எதுக்குடா லேத்து வர்ற?" என்றார். "அன்னைக்கு சும்மா நின்னேன்ல, அதுக்குத்தான்" என்றேன். அவர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

நீண்ட மதில், இரும்புக் கதவு, காவலாளிக் கூண்டு. எதிர்ப்புறம் மரத்தடியில் நின்றோம். நாலு மணிக்குச் சங்கு ஊதியது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர்கள் கையில் பையும் சாப்பாட்டு டப்பாவும் மட்டும் இருந்தன. எனக்கு மூச்சு வந்தது. நாம் நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நாலைந்து பேர் மார்போடு எதையோ அணைத்தபடி வந்தார்கள். வழுவழு அட்டை. கண்ணாடித் தாளில் வெயில் பட்டு மின்னியது. வேறு புத்தகம், வேறு நிறம். மேனேஜரே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார் போலும்.

அக்கா சாலையைக் கடந்து போய், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் எதிரே நின்றார்.

"அம்மா, ஒரு நிமிஷம். இது எப்ப கொடுத்தாங்க?"

அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "இன்னைக்குத்தாங்க. எங்க லைன்ல என்னைத்தான் முதல்ல கூப்பிட்டுக் கொடுத்தாங்க. நீங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. யார் யாருக்குக் கொடுக்கல, தெரியுமா?"

அவள் யோசித்தாள். விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். "கட்டிங்ல யாருக்கும் இல்ல. பேக்கிங்ல பாதிப் பேருக்கு இல்ல. ஆபீஸ்ல..." எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அக்காவின் முகத்தில் எதைப் பார்த்தாளோ, புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க?" என்றாள்.

காவலாளி கூண்டைவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். அக்கா அவசரப்படவில்லை. அவள் தோளில் கைவைத்து மதிலோரமாக நகர்த்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.